தீயில் விடப்பட்ட பணிப்பெண்

மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' – ஒரு மறுவாசிப்பு

ஒரு மாளிகை தீப்பற்றி எரிகிறது. உள்ளே இருவர் அகப்பட்டுக்கொண்டனர். ஒருவர் பேராயர், அறிவிலும் அறத்திலும் உயர்ந்தவர், பல்லாயிரவருக்கு ஒளிதரும் நூலொன்றை இனிமேல் எழுதவிருப்பவர். மற்றவர் அம்மாளிகையில் வேலை செய்யும் ஒரு பணிப்பெண். இருவருள் ஒருவரை மட்டுமே காப்பாற்ற இயலும். யாரைக் காப்பாற்றுவது?

இவ்வினாவை எழுப்பியவர் வில்லியம் காட்வின் என்னும் ஆங்கிலச் சிந்தனையாளர். பிரெஞ்சுப் புரட்சி கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்த 1793-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட 'அரசியல் நீதி' என்னும் பெருநூலில் இது இடம்பெறுகிறது. அவர் குறிப்பிடும் பேராயர் கற்பனை மாந்தர் அல்லர். 1695 முதல் 1715 வரை பிரான்சு நாட்டின் காம்ப்ரே உயர்மறைமாவட்டத்தை வழிநடத்திய ஃபெனலோன் அவர். எழுதவிருந்த நூல், 1699-இல் வெளிவந்து ஐரோப்பாவெங்கும் புகழ்பெற்ற 'தெலெமாக்'. காட்வினின் விடையில் தயக்கம் சிறிதும் இல்லை. பேராயரையே காப்பாற்ற வேண்டும். அவரால் நன்மை பெறப்போவோர் பலர் என்பதே காரணம். அந்தப் பணிப்பெண் என் மனைவியாகவோ என்னைப் பெற்ற தாயாகவோ இருந்தால்? அப்போதும் விடை மாறாது என்கிறார். 'என்' என்னும் ஒரு சிறு சொல் நீதியின் கணக்கைப் புரட்டிவிடலாகாது என்பது அவர்தம் வாதம்.

இறைநம்பிக்கையைக் கைவிட்ட ஒருவர் கத்தோலிக்கப் பேராயரைத் தீயினின்று காப்பாற்றுகிறாரே என்று நாம் மகிழ்ந்துவிடலாம். ஆனால் அந்த மகிழ்ச்சி நெடுநேரம் நிலைக்காது. புகை மண்டிய அறைக்குள் நின்று கதறும் அந்தப் பெண்ணின் குரல் காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

காட்வினுக்கு மறுப்பு எழுதியவர்கள் பலர். மறுப்பு என்ற பெயரே இல்லாமல் எழுதப்பட்ட ஒரு மறுப்பே அவற்றுள் ஆழமானது என்பது என் கருத்து. அதை எழுதியவர் காட்வினின் சொந்த மகள். எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 18. நூலின் பெயர் 'ஃபிராங்கன்ஸ்டைன் அல்லது நவீன பிரொமேத்தியஸ்'.

இப்புதினத்தை வாசிக்காதவரும் இதன் பெயரை அறிவர். திரைப்படங்கள் செய்த தொண்டு அது. ஆயினும் அவை செய்த தீங்கும் உண்டு. ஆக்கியவனின் பெயரான ஃபிராங்கன்ஸ்டைன் என்பதை, ஆக்கப்பட்ட அரக்கனின் பெயர் என்றே உலகம் எண்ணிக்கொண்டது. புதினத்தில் அப்படைப்புயிருக்குப் பெயரே கிடையாது. பெயரிடவும் அதன் ஆக்கியோனுக்கு மனம் வரவில்லை என்பதில்தான் கதையின் வேதனை தொடங்குகிறது.

இலட்சியங்கள் குடியிருந்த இல்லம்

காட்வின் ஒரு காலத்தில் பிரிவினைச் சபையொன்றின் போதகராக இருந்தவர். பின்னர் விசுவாசத்தை இழந்து, பகுத்தறிவு ஒன்றையே நம்பியவர். அரசு, தனியுடைமை, திருமணம் ஆகிய மூன்றும் மனிதன் தன் அறியாமையால் பூட்டிக்கொண்ட விலங்குகள் என்றும், அறிவு வளர வளர அவை இரத்தம் சிந்தாமலே கழன்று விழும் என்றும் அவர் போதித்தார். நூலின் இறுதிப் பகுதியில் இன்னும் ஒரு படி மேலே சென்றார். மனத்தின் ஆற்றல் உடலை ஆளத் தொடங்கும்போது நோய் அகலும், மூப்புத் தளரும், சாவும்கூட வெல்லப்படலாம் என்று ஊகித்தார். 1798-இல் மால்தூஸ் தம் புகழ்பெற்ற மக்கள்தொகைக் கட்டுரையை எழுதியதற்கு இத்தகைய நம்பிக்கைகளை மறுப்பதே நோக்கமாயிருந்தது. ஆகவே, அநீதியற்ற சமுதாயம் என்னும் அரசியல் கனவும், சாவற்ற வாழ்வு என்னும் அறிவியல் கனவும் அன்று ஒரே மரத்தின் இரு கிளைகளாகவே பூத்தன என்பதை நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

மேரியின் தாய் மேரி உல்ஸ்டன்கிராஃப்ட், 1792-இல் பெண்ணுரிமைக்காக எழுதிய நூலால் அழியாப் புகழ் பெற்றவர். புரட்சியை நேரில் காணப் பாரிசு சென்றவர். திருமணத்தை எதிர்த்த காட்வினும் அவரும், குழந்தை பிறக்கப்போவதை முன்னிட்டு 1797-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கோவிலில் மணம் புரிந்துகொண்டனர். ஆகஸ்டு 30-ஆம் நாள் மகள் பிறந்தாள். நஞ்சுக்கொடி முழுமையாக வெளிவராமையால் மருத்துவர் அதைக் கையால் அகற்றினார். அதன்பின் கண்ட பிரசவக் காய்ச்சலால் செப்டம்பர் 10-ஆம் நாள் தாய் இறந்தார். உயிரைக் காக்க நீண்ட கையே சாவையும் கொண்டுவந்தது போலும்.

தாயின் கல்லறையருகே அமர்ந்து வாசித்து வளர்ந்த அம்மகள், 1814-இல் தம் 16-ஆம் வயதில், கவிஞர் பெர்சி ஷெல்லியுடன் வீட்டைவிட்டு வெளியேறினார். ஷெல்லி ஏற்கெனவே மணமானவர். அவர் மனைவி அப்போது கருவுற்றிருந்தார். இந்த ஷெல்லி யார்? ஒடுக்கப்பட்டோர் அனைவருக்காகவும் உருகியவர். நாத்திகரே ஆயினும் 1812-இல் டப்ளின் நகருக்குச் சென்று, அயர்லாந்துக் கத்தோலிக்கரின் குடியுரிமைக்காகத் துண்டறிக்கை எழுதி விநியோகித்தவர். மனிதகுலம் முழுவதையும் நேசித்த அவர்தம் இளம் மனைவி, 1816 டிசம்பரில் இலண்டன் பூங்காவொன்றின் நீர்நிலையில் பிணமாகக் கண்டெடுக்கப்பட்டார். அதற்கு இரு மாதங்களுக்கு முன், உல்ஸ்டன்கிராஃப்டின் மூத்த மகளும் காட்வின் வளர்த்த பெண்ணுமான ஃபேனி, தொலைவூர் விடுதியொன்றில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். வெளியே தெரியாமலிருப்பதே நன்று என்று எண்ணிய காட்வின், அங்கே போக வேண்டாமென மேரிக்கு எழுதினார். அவ்வுடலை உரியவர் எவரும் சென்று பெற்றுக்கொள்ளவில்லை.

இவற்றைப் பிறர் குற்றம் கூறும் நோக்கில் எழுதவில்லை. காட்வின் தமக்குப் பிறவாத பெண்ணைத் தம் மகளாகவே வளர்த்தவர். ஷெல்லியின் இரக்கமும் பொய்யன்று. ஆனால் பெரிய அன்புகள் குடியிருந்த அவ்வீட்டில், சிறிய அன்புகளுக்கு இடம் குறைவாக இருந்தது. 'ஃபிராங்கன்ஸ்டைன்' எழுதப்பட்டது இந்தச் சாவுகளுக்கு நடுவில்தான்.

ஒரு நவம்பர் இரவு

1815 ஏப்ரலில் தம்போரா எரிமலை வெடித்ததன் விளைவாக, மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. ஜெனீவா ஏரிக்கரையில், மழையால் வீட்டுக்குள் அடைபட்ட பைரனும் அவர்தம் நண்பர்களும் ஆளுக்கொரு பேய்க்கதை எழுத முடிவுசெய்தனர். அவ்வாறு முளைத்த கதையை 1817-இல் முடித்து, 1818 சனவரி முதல் நாளில் ஆசிரியர் பெயரின்றி 500 படிகளாக வெளியிட்டார் மேரி. நூலைத் தம் தந்தைக்கே காணிக்கையாக்கினார்.

கதையின் நாயகன் விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன், ஜெனீவாவில் அன்புமிக்க பெற்றோருக்குப் பிறந்தவன். தாயை இழந்தபின் இங்கோல்ஸ்டாட் பல்கலைக்கழகத்திற்குச் செல்கிறான். நோயை ஒழித்து மனிதனைச் சாவினின்று மீட்கும் கனவு அவனை ஆட்கொள்கிறது. காட்வினின் இறுதிப் பக்கங்களே இங்கே மாணவனாக உருவெடுத்து வந்தது போலத் தோன்றும். கால்வானி தவளைக் காலில் கண்ட மின்விசையும், அவர்தம் உறவினர் ஆல்தீனி 1803-இல் இலண்டனில் தூக்கிலிடப்பட்ட ஒருவனின் உடலில் மின்சாரம் பாய்ச்சிக் காட்டிய சோதனையும் மக்கள் பேச்சில் இருந்த காலம் அது.

ஏறத்தாழ ஈராண்டு உழைப்பு. பிணவறைகளிலும் அறுவைக்கூடங்களிலும் திரட்டிய உறுப்புகள். இறுதியில் ஒரு நவம்பர் மாத நள்ளிரவில் அவ்வுருவம் கண் திறக்கிறது. அந்தக் கணமே விக்டர் அருவருப்படைந்து தன் படுக்கையறைக்கு ஓடிவிடுகிறான். கொடுங்கனவு கண்டு விழித்தெழும்போது, படைப்புயிர் கட்டிலின் திரையை விலக்கி அவனை நோக்கி நிற்கிறது. ஏதோ முனகுகிறது, அதன் முகத்தில் சிரிப்புப் போன்ற ஒரு சுருக்கம், ஒரு கை நீள்கிறது. பிறந்த குழந்தை தன் தாயை நோக்கிச் செய்வது இதுவன்றி வேறென்ன? விக்டர் அக்கைக்குத் தப்பிப் படியிறங்கி ஓடுகிறான்.

இக்காட்சியை எழுதியவர், 1815-இல் தம் முதல் குழந்தையைப் பெயரிடும் முன்னரே பறிகொடுத்தவர். குளிர்ந்துபோன குழந்தையை நெருப்பருகே வைத்துத் தேய்த்ததும் அது உயிர்பெற்றதாகக் கனவு கண்டு, விழித்தபின் குழந்தை இல்லாமையை உணர்ந்ததாக அவர் நாட்குறிப்பில் எழுதியுள்ளார். இறந்த உடலுக்கு உயிரூட்டும் ஆசையை அவர் வெளியிலிருந்து பழிக்கவில்லை. அந்த ஆசையின் கனத்தைத் தம் மடியில் சுமந்து அறிந்தவர். ஆகவேதான் இப்புதினம் அறிவியலுக்கு எதிரான எளிய எச்சரிக்கையாகச் சுருங்கிவிடவில்லை. பிரெஞ்சு அறிஞர் புருனோ லத்தூர், விக்டரின் குற்றம் படைத்ததில் இல்லை, படைத்ததைக் கைவிட்டதில்தான் இருக்கிறது என்று வாதிட்டுள்ளார். இதனை நான் பெரிதும் ஏற்கிறேன். ஆனால் அத்துடன் நின்றுவிட இயலவில்லை. கைவிட்டதன் விலையை முதலில் செலுத்தியவர் யார் என்பதையும் நாம் கேட்க வேண்டும்.

புரட்சி பிறந்த நகர்

இங்கோல்ஸ்டாட் என்னும் ஊர்ப்பெயர் தற்செயலாக வந்ததன்று. 1776-இல் அங்குத் திருச்சபைச் சட்டப் பேராசிரியராயிருந்த வைஸ்ஹாப்ட் என்பவர் 'இல்லுமினாட்டி' என்னும் இரகசிய சங்கத்தைத் தொடங்கினார். இயேசு சபையைச் சேர்ந்திருந்த குருவான பாரூவேல் 1797-இல் வெளியிடத் தொடங்கிய நூலில், பிரெஞ்சுப் புரட்சி என்னும் அரக்கன் இச்சங்கத்தில்தான் உருவானான் என்று எழுதினார். மேரியும் பெர்சியும் அந்நூலை வாசித்திருந்தனர். மேரி அவ்வூரையே தம் அரக்கனின் பிறப்பிடமாக்குகிறார். ஆனால் பாரூவேல் செய்யாத ஒன்றையும் செய்கிறார். அரக்கனைப் பேசவிடுகிறார்.

புதினத்தின் நடுப்பகுதி முழுவதும் படைப்புயிரின் தன்வரலாறே. காட்டில் அலைந்து, நாடு கடத்தப்பட்ட ஓர் ஏழைக் குடும்பத்தின் குடிலை ஒட்டிய கொட்டிலில் அது ஒளிந்திருக்கிறது. இரவில் அவர்களுக்காக விறகு சேகரித்து வாயிலில் வைக்கிறது. அவர்கள் அயல்நாட்டுப் பெண்ணொருத்திக்கு மொழி கற்பிக்கும்போது, சுவரின் இடுக்கு வழியே தானும் கற்கிறது. பாடநூல், வொல்னே 1791-இல் எழுதிய பேரரசுகளின் அழிவு பற்றிய நூல். சொத்து பங்கிடப்பட்ட விதம், அளவிறந்த செல்வம், கொடிய வறுமை, குலப்பெருமை ஆகியவற்றை அது அங்கே கேட்டறிகிறது. பணமோ குலமோ இல்லாதவன் அடிமையாகவே கருதப்படுவான் என்று உணர்ந்ததும், அப்படியானால் நான் யார் என்று தன்னையே வினவுகிறது. சமுதாய அநீதியைப் பற்றிய முதற்பாடத்தை, அச்சமுதாயத்தில் இடமே இல்லாத ஒன்று, வெளியே நின்று கற்கும் காட்சி இது. பின்னர் மில்ட்டனின் காப்பியத்தை வாசித்துத் தன்னை ஆதாமுடன் ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஆதாமுக்குப் படைத்தவரின் உரையாடல் இருந்தது. தனக்கு அதுவும் இல்லை.

ஒருநாள் துணிந்து, பார்வையற்ற முதியவரிடம் பேசுகிறது. அவர் பரிவுடன் செவிமடுக்கிறார். கண்ணுள்ளோர் வந்ததும் அடி விழுகிறது. ஆற்றில் மூழ்கிய சிறுமியைக் காப்பாற்றுகிறது. பரிசாகத் துப்பாக்கிக் குண்டு கிடைக்கிறது. நான் நல்லவனாகவே இருந்தேன், துன்பமே என்னைத் தீயவனாக்கியது என்னும் கருத்தில் அது விக்டரிடம் வாதாடுகிறது. தீமை பிறவியில் வருவதன்று, விலக்கிவைப்பதால் விளைவது என்னும் காட்வினின் போதனையே இது. ஆகவே, மகள் தந்தையின் இலட்சியத்தைக் கைவிட்டு மரபின் பக்கம் ஓடிவிட்டார் என்று கூறுவோர் இப்பகுதியைச் சரிவர வாசிக்கவில்லை என்பேன். நோயைப் பற்றித் தந்தை கூறியதை மகள் ஏற்கிறார். மருந்தைக் குறித்துத்தான் அவருக்கு ஐயம்.

ஜஸ்டீன் என்னும் பெண்

இப்போது, தீயில் விடப்பட்ட பணிப்பெண்ணிடம் வருவோம்.

ஃபிராங்கன்ஸ்டைன் வீட்டில் ஜஸ்டீன் மோரிட்ஸ் என்னும் பணிப்பெண் இருக்கிறாள். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். பெற்ற தாயால் வெறுக்கப்பட்டு, 12 வயதில் இவ்வீட்டாரால் எடுத்து வளர்க்கப்பட்டவள். விக்டரின் தங்கைபோல் வளர்ந்து அவனுக்கு மணமகளாகவிருக்கும் எலிசபெத் எழுதும் கடிதமொன்றில், குடியரசான ஜெனீவாவில் வகுப்பு வேற்றுமை குறைவு என்றும், பிரான்சிலும் இங்கிலாந்திலும் உள்ளதுபோல் இங்கே வேலைக்காரர் இழிவாக நடத்தப்படுவதில்லை என்றும் பெருமிதத்துடன் குறிப்பிடுகிறாள். அடுத்த சில பக்கங்களிலேயே அந்தக் குடியரசு, அந்த வேலைக்காரப் பெண்ணைத் தூக்கிலேற்றுகிறது.

நிகழ்ந்தது இதுதான். விக்டரின் இளைய தம்பி, சிறுவன் வில்லியம், படைப்புயிரால் கொல்லப்படுகிறான். அவன் கழுத்திலிருந்த சிறு ஓவியத்தைப் படைப்புயிர், கொட்டகையில் உறங்கிக்கொண்டிருந்த ஜஸ்டீனின் ஆடைக்குள் செருகிவிடுகிறது. மனிதரின் கொடிய சட்டங்களைக் கேட்டறிந்ததால் இத்தகைய தீமை செய்யக் கற்றேன் என்று பின்னர் அதுவே கூறும். ஜஸ்டீன் அன்றிரவு வெளியே தங்க நேர்ந்தது ஏன்? காணாமற்போன அச்சிறுவனைத் தேடி அலைந்து, நகர வாயில் அடைக்கப்பட்டதால். தேடியவளே கொலைகாரி ஆகிறாள்.

உண்மையை அறிந்தவன் விக்டர் ஒருவனே. அவன் பேசவில்லை. சொன்னால் பித்தன் என்பார்கள் என்று தன்னைத் தேற்றிக்கொள்கிறான். வழக்கு மன்றத்தில் அமர்ந்து, குற்றம் சாட்டப்பட்டவளின் வேதனையைவிடத் தன் வேதனையே பெரிது என்று எண்ணுகிறான். அறிவியலாளனின் மனச்சான்று இங்கே நாடகம்போல் தன்னைத் தானே கண்டு கலங்குகிறது. ஆனால் ஒரு சொல் கூறி ஓர் உயிரைக் காக்க அதற்குத் துணிவில்லை. வாக்குகள் அனைத்தும் கருப்பாகவே விழுகின்றன.

நமக்கு இன்னும் கசப்பான செய்தி அடுத்து வருகிறது. ஜஸ்டீன் தானே கொலை செய்ததாக ஒப்புக்கொள்கிறாள். ஏன்? தண்டனை விதிக்கப்பட்ட நாளிலிருந்து அவளுடைய ஆன்ம குரு அவளை விடாமல் நெருக்கினார். குற்றத்தை ஒப்புக்கொள்ளாவிடில் திருச்சபையினின்று விலக்கமும் நரக நெருப்பும் நேரும் என்று அச்சுறுத்தினார். தானே ஓர் அரக்கியோ என்று தன்னையே ஐயுறும் நிலைக்கு அவள் வந்தாள். பாவமன்னிப்புப் பெறுவதற்காகப் பொய்யுரைத்தாள். இப்போது அந்தப் பொய் ஒன்றே தன் மனத்தை உறுத்துகிறது என்று எலிசபெத்திடம் அழுகிறாள்.

கத்தோலிக்க வாசகர் இவ்விடத்தில் முகம் சுளிக்கலாம். குருக்களைக் கொடியவராகக் காட்டுவது அக்கால ஆங்கிலப் புதினங்களின் வாடிக்கை. இதிலும் அந்த முன்தீர்ப்பின் சாயல் உண்டு. ஆயினும் அதைச் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளலாகாது. ஒப்புரவு அருட்சாதனம் உண்மை பேசும் இடம். அவ்விடத்தில் அமர்ந்திருப்பவர், எதிரே மண்டியிட்டிருப்பவரின் சொல்லைக் கேளாமல், ஊரார் முன்னரே எழுதிவைத்த தீர்ப்பைச் சுமந்து வருவாரானால், அருட்சாதனமே தலைகீழாகிவிடுகிறது. ஆன்மாவை மீட்கும் ஆவல் அந்தக் குருவிடம் இருந்தது. ஆனால் தம் முன் அமர்ந்திருந்த ஜஸ்டீனை அவர் பார்க்கவில்லை. விக்டர் மனிதகுலத்தைக் காக்க எண்ணினான். நீதிமன்றம் குடியரசைக் காக்க எண்ணியது. குரு ஆன்மாவைக் காக்க எண்ணினார். மூவருக்கும் நடுவே ஒரு பெண் தூக்கில் தொங்கினாள். அறிவியல், சட்டம், சமயம் ஆகிய மூன்றும் ஒரே பெண்ணிடம் தோற்ற இடம் இது. மன்றத்தில் மற்ற சாட்சிகள் அஞ்சித் தயங்கியபோது, துணிந்து எழுந்து அவளுக்காகப் பேசியவள் எலிசபெத். அவளை அறிந்தவள், நேசித்தவள் என்பதன்றி அவளிடம் வேறு சான்று இல்லை. 'என்' என்னும் சொல்லுக்குள்ள மதிப்பு அது.

காட்வினின் தீயில் நின்ற பணிப்பெண்ணுக்குப் பெயரில்லை. மகள் அவளுக்கு ஒரு பெயரும், குழந்தைப்பருவமும், கண்ணீரும் கொடுத்தார். நூலைத் தந்தைக்குக் காணிக்கையாக்கியதில் அன்போடு ஒரு கேள்வியும் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

மீண்டும் அதே கணக்கு

படைப்புயிர் தனக்கொரு துணையைக் கேட்கிறது. கிடைத்தால் மனிதர் வாழிடங்களை விட்டு அகன்றுவிடுவதாக உறுதியளிக்கிறது. விக்டர் இசைந்து, ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவொன்றில் வேலையைத் தொடங்குகிறான். பின்னர் இவ்விருவரின் சந்ததி மனித இனத்திற்கே கேடாகலாம் என்று அஞ்சி, பாதி உருவான உடலைப் படைப்புயிரின் கண்ணெதிரே சிதைத்துவிடுகிறான். அவன் நண்பனும், மணமகளான எலிசபெத்தும் அதற்கு விலையாகின்றனர்.

அவன் அஞ்சியதில் நியாயம் இல்லையா? உண்டு. பின்விளைவை எண்ணிப் பார்த்து ஆய்வை நிறுத்துவது அறிவியலாளனின் கடமை. ஆனால் சாகும் தறுவாயில் அவன் தன்னை நியாயப்படுத்தும் முறையைக் கவனிக்க வேண்டும். படைப்புயிரின் நலம் பேணும் கடமை தனக்கு இருந்ததை ஒப்புக்கொள்கிறான். ஆனால் தன் இனத்தாரின் இன்பதுன்பம் அளவில் பெரிது, ஆகவே அவர்களுக்கான கடமையே மேலானது என்கிறான். எரியும் மாளிகையின் முன் காட்வின் போட்ட கணக்கு இதுவேயன்றோ! மனிதகுலத்தின் பெயரால் படைத்தவன், அதே மனிதகுலத்தின் பெயரால் அழிக்கிறான். இரண்டு முறையும் எதிரே நிற்கும் முகம் கணக்கில் சேரவில்லை.

இக்கதையை எழுதிவைக்கும் கப்பல் தலைவன் வால்ட்டன், வடதுருவத்திற்கு வழி தேடிச் செல்பவன். பனிக்கட்டிகளுக்கிடையே கப்பல் சிக்கியபோது, விடுபட்டால் ஊர் திரும்ப வேண்டும் என்று மாலுமிகள் கேட்கின்றனர். விக்டர் அவர்களைக் கோழைகள் எனச் சாடி வீரவுரை நிகழ்த்துகிறான். வால்ட்டன் மனம் கசந்து, ஏமாற்றத்துடன் இசைகிறான். இது புனிதனின் மனமாற்றம் அன்று. ஆனால் முழு நூலிலும், தன் இலட்சியத்திற்காகப் பிறரைச் சாகவிடாமல் திரும்பியவன் அவன் ஒருவனே. அவன் வாயிலாகத்தான் கதையே நமக்குக் கிடைக்கிறது.

1831-இல் மேரி இந்நூலைத் திருத்தி வெளியிட்டார். கணவரையும் மூன்று குழந்தைகளையும் இழந்திருந்த அவர், விக்டரின் வீழ்ச்சியை விதியின் செயலாகக் காட்டும் சொற்களை மிகுதியாகச் சேர்த்தார். அத்துயரம் நமக்குப் புரிகிறது. எனினும் 1818-ஆம் ஆண்டுப் பதிப்பையே நான் சிறந்ததாகக் கருதுகிறேன். அதில் விக்டர் தன்னுரிமையோடு தேர்ந்தெடுக்கிறான். தேர்வு இல்லையெனில் பாவமும் இல்லை, மனம்வருந்துதலும் இல்லை.

இரு வேறு கேள்விகள்

மறு ஆண்டு, 1832-இல், இங்கிலாந்தில் உடற்கூறு ஆய்வுச் சட்டம் நிறைவேறியது. அதுவரை கொலைக்காகத் தூக்கிலிடப்பட்டோரின் உடல்களே சட்டப்படி அறுத்து ஆயப்பட்டு வந்தன. இனி, ஏழையர் விடுதிகளில் இறந்து உரிமை கோருவாரின்றிக் கிடக்கும் உடல்களை மருத்துவக் கல்லூரிகளுக்கு அளிக்கலாம் என்றது சட்டம். மருத்துவம் வளர்ந்தது உண்மை. அதனால் நாமும் பயன் பெற்றோம். ஆயின் கொலைகாரருக்கு விதித்திருந்த அவமானம், ஏழைகள் என்பதற்காகவே சிலருக்கு மாற்றப்பட்டது. முன்னேற்றத்தின் விலையை யார் செலுத்துவது என்னும் கேள்விக்கு வரலாறு தரும் விடைகளுள் இது ஒன்று.

மனிதன் தான் ஆக்கியவற்றுக்கே அஞ்சி வாழ்கிறான் என்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1979-இல் தம் முதல் சுற்றுமடலில் கவலையுடன் குறிப்பிட்டார். அந்த அச்சத்திற்கு முந்திய ஆண்டில் ஒரு முகம் கிடைத்திருந்தது. 1978 சூலை 25-ஆம் நாள் இங்கிலாந்தில் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. ஃபிராங்கன்ஸ்டைன் பெயர் பலர் நாவிலும் புரண்டது. அப்போது வெனிஸ் நகரின் மறைமுதுவராயிருந்தவர் கர்தினால் அல்பினோ லூச்சியானி. ஒரு மாதத்தில் முதலாம் அருள் சின்னப்பர் என்னும் பெயரில் திருத்தந்தையானவர். அவரிடம் கருத்துக் கேட்கப்பட்டது. அம்முறையைத் தம்மால் ஏற்க இயலவில்லை என்பதை அவர் மறைக்கவில்லை. ஆயினும் அக்குழந்தைக்குத் தம் மனமார்ந்த வாழ்த்தைத் தெரிவித்தார்; பெற்றோரைக் கண்டிக்கத் தமக்கு உரிமையில்லை என்றார். 1987-இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட அறிவுரையும் இதே வழியில் சென்றது. அம்முறையை ஏற்க மறுத்த அதே ஏடு, அவ்வாறு பிறக்கும் ஒவ்வொரு குழந்தையையும் இறைவனின் நன்மைத்தனம் அளித்த உயிருள்ள கொடையாக ஏற்று அன்புடன் வளர்க்க வேண்டும் என்று கூறியது.

இங்கே இரு கேள்விகள் பிரித்து வைக்கப்பட்டுள்ளன. ஒன்று, இச்செயல் தகுமா? மற்றொன்று, இச்செயலால் வந்தவரை எவ்வாறு வரவேற்பது? முதற்கேள்விக்கு 'இல்லை' என்று விடையளித்தவரும் இரண்டாவதற்கு 'ஆம்' என்றே கூறக் கடமைப்பட்டுள்ளார். விக்டர் இதற்கு நேர்மாறாக நடந்தான். செய்யலாமா என்று கேளாமலே செய்தான். செய்தபின் வந்ததை வெறுத்தான். அவனைப் பழிக்கும் நாமும், செயலின் மீதுள்ள சினத்தை அச்செயலால் வந்தவர் மீது காட்டினால் அவனுடைய உறவினரே ஆவோம். திருமணத்திற்குப் புறம்பே பிறந்த குழந்தையை நம் பங்குகளில் எப்படிப் பார்த்தோம், பார்க்கிறோம் என்பதை எண்ணினால், இது அறிவியற்கூடத்தின் பாடம் மட்டுமன்று என்பது விளங்கும்.

காட்வின் தம் நூலின் 1796-ஆம் ஆண்டுப் பதிப்பில் அவ்வெடுத்துக்காட்டைத் திருத்தினார். பணிப்பெண் இருந்த இடத்தில் ஆண் பணியாளர் வந்தார். தாய் இருந்த இடத்தில் தந்தை வந்தார். கணக்கு மாறவில்லை. ஆனால் உல்ஸ்டன்கிராஃப்டை நேசித்து இழந்தபின், 1799-இல் எழுதிய புதினத்தின் முன்னுரையில், இல்லத்து அன்புகளும் நீதியோடு பொருந்துவனவே என்று மனமுவந்து ஒப்புக்கொண்டார். மாறுவதற்கு அஞ்சாத மனிதர் அவர்.

இறுதியாக, காப்பாற்றப்பட்ட பேராயரிடம் ஒரு சொல் கேட்டுச் செல்வோம். 1697-ஆம் ஆண்டில் காம்ப்ரே ஆயர் இல்லம் மெய்யாகவே தீக்கிரையானது. ஃபெனலோன் அப்போது அரசவையில் இருந்தார். ஆண்டாண்டாகச் சேர்த்த நூல்களும் கையெழுத்துப் படிகளும் சாம்பலாயின. செய்தி கொண்டுவந்த நண்பரிடம், ஓர் ஏழையின் குடிசை எரிந்திருப்பதைவிடத் தம் வீடு எரிந்ததே மேல் என்று அவர் அமைதியாகக் கூறியதாக அவரது வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுவர்.

மாளிகை எரியும்போது யாரைக் காப்பாற்றுவது என்று காட்வின் கேட்டார். அக்கேள்வியை ஃபெனலோனிடமே கேட்டிருந்தால், அவர் கதவைத் திறந்து முதலில் அந்தப் பெண்ணை வெளியே அனுப்பியிருப்பார்.